15×56 பைனாகுலரா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? கூஸ் மான் வேட்டைக்கு எதை வாங்கலாம்

மலைநோக்கி | சாண்ட்லர், அரிசோனா

வணக்கம் நண்பர்களே. வருஷா வருஷம் குலுக்கலில் பெயர் போட்டு ஏமாந்து, ஒருவழியாக இந்த நவம்பருக்கு 36பி யூனிட் என்ற வேட்டைப் பகுதியில் வெள்ளைவால் மானுக்கு டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கிறது. நொகாலஸுக்கு மேற்கே அடாஸ்கோசா, டுமகாகோரி மலைகள். கூஸ் மான் என்கிற இந்தப் பக்கத்துச் சின்ன வெள்ளைவால் மானுக்கு இதுதான் எனக்கு முதல் தடவை. இதுவரை கொலராடோவில் நண்பர்களுடன் எல்க் வேட்டைக்குப் போனதோடு சரி.

கையில் ஒரு சுமாரான 10×42 பைனாகுலர் (10 மடங்கு, 42 மி.மீ. முன்லென்ஸ்) இருக்கிறது. போட்டோ எடுக்க வாங்கிய டிரைபாட் ஒன்றும் இருக்கிறது. துப்பாக்கிச் செலவெல்லாம் முடிந்துவிட்டது. இனி வீட்டு நிதியமைச்சர் ஒதுக்கியிருப்பது 1,800 டாலர். அதற்குள் ஒன்றுதான் வாங்க முடியும்: பெரிய பைனாகுலரோ, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்போ. கடையில் ஒருவர் "85 மில்லிமீட்டர் ஸ்கோப் எடுங்கள், 60 மடங்கு வரை போகும்" என்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "15×56 பைனாகுலரை எடுத்து டிரைபாடில் மாட்டு, வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 60 எங்கே, 15 எங்கே! குழப்பமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

வழக்கமான குறிப்பு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். உரிமம் பெற்று வேட்டையாட அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது இந்தப் பகுதி. சட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது.

டூசான் துரை | டூசான், அரிசோனா

வாழ்த்துகள் தம்பி. 36பி நல்ல இடம். மெக்சிகோ எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இருட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை மட்டும் யோசித்து நிறுத்துங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. ஏன் என்பதற்கு முதலில் மானைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்க் பழக்கத்தில் வருகிறீர்கள். அது குதிரை அளவு மிருகம், வெறும் கண்ணுக்கே தெரியும். கூஸ் மானில் ஆணே 45 கிலோவைத் தாண்டுவது அரிது, தோள் உயரம் 80 செ.மீ. சொச்சம். சாம்பல் நிறத்தில், சாம்பல் பாறைக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவில், ஓக் மர நிழலில் படுத்திருக்கும். முழு மான் உங்கள் கண்ணில் படவே படாது. ஒரு காது அசையும். வயிற்றோரத்து வெள்ளை ஒரு கோடாகத் தெரியும். புதரெல்லாம் செங்குத்தாக இருக்க, நடுவில் ஒரு முதுகு மட்டும் படுக்கைவாட்டில் கிடக்கும். வேட்டையில் முக்கால்வாசி நேரம் இந்தத் துண்டுகளைத் தேடிக்கொண்டு எதிர்ச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான்.

அதற்கு எது தோது என்று பாருங்கள். 15×56-இல் ஆயிரம் மீட்டர் தொலைவில் 75 மீட்டருக்கு மேல் அகலமான பரப்பு ஒரே பார்வையில் தெரியும். ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் இருபது மீட்டர் சொச்சம். இதை வைத்து ஒரு மலைச்சரிவைச் சலித்து முடிப்பதற்குள் சீசனே முடிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 15×56-க்கு 3.7 மி.மீ. 85 மி.மீ. ஸ்கோப்புக்கு 60 மடங்கில் 1.4 மி.மீ. விடியும் நேரத்தில் கண்மணி ஐந்து மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும். அப்போது 1.4 வந்தால் படம் சேறாகத்தான் இருக்கும். மான் எழுந்து மேய்வது அந்த நேரத்தில்தான்.

கடைசியாக, இரண்டு கண். இதைக் கடையில் ஐந்து நிமிடம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ஸ்கோப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நெற்றி விண்ணென்று தெறிக்கும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் அரைநாள் உட்காரலாம். மங்கலான வெளிச்சத்தில் நிழலுக்கும் மானுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்தறிவதிலும் இரண்டு கண்ணுக்கு ஒரு கண் ஈடாகாது.

ராக்கிமலை | கல்கரி, கனடா

துரை அண்ணை சொல்லுறது அரிசோனாவுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் ஸ்கோப் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிப் போடாதேங்கோ.

நான் பெருங்கொம்பு ஆட்டுக்குப் போறனான். அல்பர்ட்டாவில் அனேகமான பகுதிகளில் கிடா ஐந்தில் நாலு பங்கு சுருள் கொம்போடு இருக்க வேணும் என்பது சட்டம். பக்கவாட்டில் பார்க்கும்போது, கொம்பு துவங்கிற இடத்தின் முன்விளிம்பிலிருந்து கண்ணின் முன்விளிம்பைத் தாண்டி ஒரு நேர்கோடு இழுத்தால், கொம்பு நுனி அந்தக் கோட்டை எட்ட வேணும். ஒரு விரல் கட்டை குறைந்தாலும் அது சட்டவிரோதக் கிடா. பிறகு தலையைக் கொண்டுபோய் அதிகாரியிடம் பதிய வேணும், அவர் அளந்துதான் விடுவார். எண்ணூறு மீட்டருக்கு அங்கால கற்குவியலில் நிற்கிற கிடாவின் கொம்பு நுனி கண்ணுக்கு மேலேயா கீழேயா என்று 15 மடங்கில் எப்படிச் சொல்லுறது? நாற்பதாவது வேணும். அலாஸ்காவில் டால் ஆட்டுக்கு இன்னும் கஷ்டம். முழுச் சுருள் இல்லாவிட்டால், இரண்டு நுனியும் முறிந்திருக்க வேணும். அல்லது கொம்பு வளையத்தை எண்ணி எட்டு வயது என்று நிறுவ வேணும். ஸ்கோப் இல்லாமல் அங்கே துப்பாக்கியைத் தூக்கிறதே பிழை.

ஆட்டைக் கண்டுபிடிக்கிறது எங்களுக்குப் பெரிய பாடில்லை. மரம் இல்லாத வெட்டை மலை, பத்து மடங்கு பைனாகுலரிலேயே புள்ளி புள்ளியாகத் தெரியும். அது சுடக்கூடிய கிடாவா இல்லையா என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

கோடியக்கரையான் | நாகப்பட்டினம்

நான் வேட்டைக்காரன் இல்லை. பறவை பார்ப்பவன், தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். ராக்கிமலை சொல்வது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். கோடியக்கரை சேற்றுவெளியில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் கண்ணெதிரே நிற்கும். தேட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் அது கொசு உள்ளானா வேறொன்றா, காலில் வளையம் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஸ்கோப் இல்லாமல் ஆகாது. அதே ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போனால் சும்மா சுமைதான். இலைக்குள் அசைவதைப் பிடிக்க 8×42 போதும்.

டூசான் துரை

கோடியக்கரையார் எனக்கும் ராக்கிமலைக்கும் சேர்த்துப் பேசிவிட்டார். நான் ஸ்கோப்புக்கு எதிரி இல்லை. உங்கள் டேக் என்ன கேட்கிறது என்பதைப் பாருங்கள் என்கிறேன். மலைநோக்கியின் டேக் கேட்பது இரண்டுதான்: கொம்பு இருக்க வேண்டும், வெள்ளைவாலாக இருக்க வேண்டும். 36பி-யில் மியூல் மானும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கீழே தட்டையான பகுதியில், உடம்பும் பெரிது, காது கழுதைக்காது, வால் கயிறு போல மெலிந்து நுனி கறுத்திருக்கும். கொம்பும் கவட்டைக் கவட்டையாகப் பிரியும். வெள்ளைவாலுக்கு ஒரே தண்டு முன்னால் வளைந்து, அதிலிருந்து முனைகள் மேலே எழும். இதெல்லாம் டிரைபாடில் நிற்கும் 15 மடங்கில் கிலோமீட்டர் தொலைவிலும் தெரியும்.

ராக்கிமலை

அண்ணை, கொம்பு தெரியுமோ? சின்னக் கிளைக்கொம்பு காதுக்குப் பின்னால் மறைஞ்சு நிண்டால்? ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அங்கால ஒரு மான் படுத்திருக்கு, ஆணா பெண்ணா தெரியாது. நடுவில் ஒரு பெரிய பள்ளம். இறங்கி ஏறி மூன்று மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டை! ஸ்கோப் இருந்தால் அந்த மூன்று மணித்தியாலம் மிச்சம்.

டூசான் துரை

அது நியாயமான கேள்வி. அந்த இடத்தில் ஸ்கோப் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு ஜெயிக்காது. நவம்பரிலும் எங்கள் ஊரில் வெயில் ஏறினதும் பாறை சூடாகிக் கானல் அலையடிக்கும். அப்போது மடங்கைக் கூட்டக் கூட்ட அலையும் சேர்ந்தே பெரிதாகும். 25க்கு மேல் திருகினால் மான் தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். 60 மடங்கு என்று பெட்டியில் எழுதியிருப்பது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான எண். நீண்ட தூரத்தைப் பார்க்கையில் அதுவும் கிடையாது.

இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால் ஒருவரிடம் 15×56, இன்னொருவரிடம் ஸ்கோப் என்று பிரித்துக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். தனியாகப் போனால் 15 முதலில், ஸ்கோப் அடுத்த வருடம்.

தென்தீவு | கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

நடுவில் புகுந்துவிடுகிறேன். இங்கே எங்களுக்கு டார். நம்ம ஊர் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். இமயமலை டாரை 1904இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், பெருகித் தாவரங்களை மேய்ந்து தீர்த்ததால் இப்போது கட்டுப்படுத்த வேட்டை. அங்கே வரையாடு மாநில விலங்கு, இங்கே டார் தொல்லை விலங்கு என்று ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதே தனிக் கதை.

விஷயத்துக்கு வருகிறேன். யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை. 15×56 சுமார் 1.2 கிலோ. 85 மி.மீ. ஸ்கோப் இரண்டு கிலோவுக்குப் பக்கம். இரண்டில் எதை வாங்கினாலும் டிரைபாடும் தலையும் சேர்ந்து இன்னொரு இரண்டு கிலோ. 15 மடங்கைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால் கழுத்தில் 10×42-உம் தொங்கும். நான் ஹெலிகாப்டர் இல்லாமல் ஆற்றுப்படுகையில் நடந்தே ஏறுகிறவன். எனக்கு 10×42-உம் கோவாவின் 55 மி.மீ. குட்டி ஸ்கோப்பும். 15 முதல் 45 மடங்கு, 800 கிராம் சுற்று. கிடாவின் கொம்பைப் பார்க்க அது போதும். 36பி-யில் வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் நடக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பத்துக்குப்பத்து | டல்லஸ்

எதுவும் வாங்காதீர்கள். இருக்கிற 10×42-ஐ டிரைபாடில் மாட்டி ஒரு சாயங்காலம் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

பைசாக்கணக்கு | ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

இரண்டு கண்ணும் வேண்டும், 30 மடங்கும் வேண்டும் என்றால் ஸ்வரோவ்ஸ்கியின் பிடிஎக்ஸ் இருக்கிறதே? 2017இல் வந்தது. ஸ்கோப்பின் முன்லென்ஸ் பகுதியோடு இரண்டு கண்ணாலும் பார்க்கும் இரட்டைக் கண்வில்லைப் பகுதியை மாட்டிக்கொள்ளலாம். 85 மி.மீ. லென்ஸோடு 30 மடங்கு, 95-ஓடு 35. விலையைக் கேட்டால் நிதியமைச்சர் ராஜினாமா செய்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

இன்னொரு வழி, நடுக்கம் தடுக்கும் பைனாகுலர். சிக் சாவரின் சூலு6 16×42 மாதிரி. டிரைபாடே வேண்டாம், கையில் பிடித்தே 16 மடங்கு பார்க்கலாம் என்கிறார்கள். யாராவது கூஸ் மானுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

டூசான் துரை

என்னுடன் வருகிற நண்பரிடம் அது இருக்கிறது, வாங்கிப் பார்த்திருக்கிறேன். பொத்தானைத் தட்டியதும் படம் அப்படியே மிதந்து நிற்கும், அருமையான சமாசாரம். நடந்து போகும்போது சட்டென்று எதையாவது உறுதி செய்ய அதற்கு இணை இல்லை. ஆனால் 42-ஐ 16ஆல் வகுத்தால் 2.6, விடியலில் இருட்டிவிடும். அப்புறம், மணிக்கணக்கில் கையைத் தூக்கிக்கொண்டு யாரால் உட்கார முடியும்? கடைசியில் அவரும் அதை டிரைபாடில்தான் வைக்கிறார்.

மலைநோக்கி, பத்துக்குப்பத்து சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்து பாருங்கள்.

மலைநோக்கி

செய்தேன்! வீட்டுக்குப் பக்கத்திலேயே சான் டான் மலைப்பக்கம் போய் உட்கார்ந்தேன். கையில் பிடித்துப் பார்த்தபோது வெறும் சரிவு. டிரைபாடில் மாட்டியதும் ஒரு முயல், அப்புறம் சாகுவாரோ கள்ளியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பருந்து தலையைத் திருப்புவதுகூடத் தெரிந்தது. அதே பைனாகுலர்தானா இது என்று ஆகிவிட்டது. ஆனால் போட்டோ டிரைபாடின் தலை சரியில்லை. திருகை இறுக்கினால் படம் கீழே இறங்கிவிடுகிறது, தளர்த்தினால் தலை கவிழ்கிறது.

இன்னொரு சந்தேகம். நான் கண்ணாடி போடுகிறவன். ஸ்கோப்பில் விளிம்பெல்லாம் கறுத்துத் தெரிந்தது. பைனாகுலரிலும் அப்படித்தான் இருக்குமா?

டூசான் துரை

போட்டோவுக்கான பந்துத் தலை இதற்கு உதவாது. படுக்கைவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிற, விட்ட இடத்தில் நிற்கிற ஃப்ளூயிட் தலை வேண்டும். வீடியோ எடுப்பவர்கள் வைத்திருப்பது. 1,800-இல் முந்நூறை இதற்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் பைனாகுலர் பாருங்கள். ஆயிரத்து ஐந்நூறு டாலர் பைனாகுலர் ஆடுகிற காலில் நின்றால் ஐந்நூறு டாலர் பைனாகுலர்தான்.

டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள், காற்றடித்தால் ஆடும். தரையில் தடித்த திண்டு போட்டு உட்கார்ந்து, கால்களைக் குட்டையாக விரித்து, கண்குழி (பைனாகுலரில் கண்ணை வைக்கும் வளையம்) உங்கள் கண்ணுக்குத் தானாக வந்து நிற்கும் உயரத்தில் வையுங்கள். குனிந்தாலோ எக்கினாலோ அரைமணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பிடியுங்கள். முதலில் கிட்ட இருப்பதைப் பாருங்கள், காலடியில் படுத்திருக்கும் மானை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டருக்கு அங்கே தேடுகிறவர்கள் நிறைய. பைனாகுலரை ஒரு இடத்தில் நிறுத்தியதும் அதை அசைக்காமல், அந்த வட்டத்துக்குள் கண்ணை மட்டும் மேயவிடுங்கள். படம் அசையாமல் நின்றால்தான் காது அசைவது தெரியும். முடித்ததும் வட்டத்தில் கால்பங்கு பழையது இருக்கும்படி நகர்த்துங்கள். சரிவு முழுவதும் முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. சலிப்புத் தட்டும், தட்டட்டும். முன்னே ஒன்றும் இல்லாத இடத்தில் மூன்றாவது சுற்றில் மான் இருக்கும், அது அங்கேயே படுத்திருந்ததுதான்.

பத்து மணிக்கு எழுந்து போய்விடாதீர்கள். நிழல் நகர நகர, படுத்திருக்கும் மான் வெயில் பட்டதும் எழுந்து இரண்டடி தள்ளிப் புது நிழலில் படுக்கும். அந்த அரை நிமிடம்தான் உச்சிவேளையில் கிடைக்கும் வாய்ப்பு. வடக்குப் பார்த்த சரிவுகளில் இதற்காகவே உட்காருவேன்.

கண்ணாடி விஷயம் எனக்கு அனுபவம் இல்லை. போடுகிறவர்கள் சொல்லட்டும்.

தென்தீவு

நான் போடுகிறேன். கண்ணுக்கும் கண்வில்லைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று விவரத்தாளில் இருக்கும். நமக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், 17, 18 என்றால் நிம்மதி. கண்குழியை முழுக்கத் திருகி உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். பலருக்கு விளிம்பு கறுப்பது அதை வெளியே விட்டபடியே பார்ப்பதால்தான். குளிர் காலையில் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியும் லென்ஸும் ஒருசேரப் பனி மூடும், மூக்கை மூடும்படி எதையும் கட்டாதீர்கள்.

இரு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் பாருங்கள். 56 மி.மீ. லென்ஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழல்கள் ஓரளவுக்கு மேல் நெருங்காது. என் மனைவிக்கு முகம் சிறியது, நண்பரின் 15×56-இல் அவளுக்கு இரண்டு வட்டமும் ஒன்றாகவே சேரவில்லை. கடைக்கே போய்க் கண்ணில் வைத்துப் பாருங்கள்.

பைசாக்கணக்கு

ஸ்கோப் வாங்குவதாக இருந்தால் வளைந்த கழுத்தா, நேரானதா?

ராக்கிமலை

வளைந்தது. மேல்நோக்கிப் பார்க்கக் கழுத்து நோகாது, டிரைபாடும் உயராமல் பதிவாக நிக்கும், உயரம் வேறுபட்ட இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கலாம்.

டூசான் துரை

நேரானது. பைனாகுலரில் கண்ட மானை ஸ்கோப்பில் பிடிக்க வளைந்ததில் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் மாட்டிப் பார்க்கவும் நேரானதுதான் வசதி.

ராக்கிமலை

அண்ணை வண்டிக்குள்ள இருந்து வேட்டையாடுறவர் என்று இப்பதான் தெரியுது.

டூசான் துரை

ஏரோப்ளேனில் வந்து டூசானில் இறங்குங்கள், காட்டுகிறேன்.

மலைநோக்கி

சிரித்துவிட்டேன். சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். 15×56. புதிதாக வாங்கினால் தலைக்குக் காசு மிஞ்சாது. மேசாவில் ஒருவர் பழையது ஒன்றை 1,200-க்கு விற்கிறார், நல்ல கம்பெனி. பழையது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

டூசான் துரை

டிரைபாடைக் கூடவே எடுத்துப் போங்கள். தூரத்து மின்கம்பி அல்லது கூரை விளிம்பில் நிறுத்தி, கண்ணை மெதுவாக ஒரு சாண் பின்னால் இழுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஒன்றில் ஏறியும் ஒன்றில் இறங்கியும் இருந்தால் குழல்கள் நேராக இல்லை, எங்கோ விழுந்திருக்கிறது. பத்து மடங்கில் கண் சமாளித்துக்கொள்ளும் கோணல் பதினைந்தில் தலைவலியாகிவிடும். அப்புறம் கால்மணி நேரமாவது தொடர்ந்து பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்காதீர்கள்.

முன்லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஓடினால் பூஞ்சை. ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை. குவியத் திருகு இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமாகச் சுழல வேண்டும், நடுவில் தொளதொளவென்று ஓர் இடம் இருக்கக் கூடாது.

தென்தீவு

முன்பக்கக் கீலின் மூடியைக் கழற்றி, டிரைபாட் அடாப்டர் மாட்டும் மரை இருக்கிறதா, தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் மரையே இருக்காது, அந்தக் கம்பெனியின் தனி அடாப்டர்தான் பொருந்தும். அது தனிச் செலவு. விற்பவரிடம் இருந்தால் சேர்த்துக் கேளுங்கள்.

மலைநோக்கி

அடாப்டர் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். சனிக்கிழமை போகிறேன்.

ராக்கிமலை

சனி எத்தனை மணிக்கு? மத்தியானம் போகாதேங்கோ, மேசாவில் தார் ரோட்டுக்கு மேலால பார்த்தால் நல்ல கண்ணாடியும் கூடாத கண்ணாடி மாதிரித்தான் தெரியும். விடியவே போங்கோ.